இரு அவைகளும் ஒரே கையில்: எத்தனை முறை, யாருக்கு லாபம்?

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்களவையில் பல்லடத்துக்காரர்களின் உறுப்பினர் கோவை எம்.பி. பி.ஆர். நடராஜன். மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய கட்சி மசோதாவை எதிர்த்தது. மாநிலங்களவையில் பல்லடத்துக்கென்று தனி உறுப்பினர் கிடையாது. அங்கே போகிறவர்களை எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். 2016இல் பல்லடம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ. கரைப்புதூர் ஏ. நடராஜன், அ.தி.மு.க.காரர். அவருடைய கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர்கள் மசோதாவை ஆதரித்தார்கள். ஒரே ஊர் ஓட்டு இரண்டு நடராஜன்கள் வழியாக டெல்லி போய், ஒரே மசோதாவுக்கு இரண்டு பதில் சொன்னது.

மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுதான். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38 தி.மு.க. கூட்டணிக்குப் போயின. அதே நேரத்தில் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்குரிய 18 இடங்களில் பாதிக்கு மேல் அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் வைத்திருந்தன. மாநிலங்களவையில் மசோதாவுக்கு விழுந்த 125 வாக்குகளில் இவர்களுடையவையும் உண்டு.

சட்டமன்றத்தையோ நாடாளுமன்றத்தையோ இரண்டு அவைகளாகப் பிரித்து வைத்தால், அவை இரண்டும் எத்தனை முறை ஒரே கட்சியின் கைக்கு வருகின்றன? வரும்போது என்ன நடக்கிறது, வராதபோது என்ன நடக்கிறது? பல்லடம் வாக்காளர் இந்தக் கேள்வியை டெல்லியை வைத்தும் பார்க்கலாம், 1986 வரை மேலவை இருந்த சென்னையை வைத்தும் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் வரலாறு வேறு வேறாகப் போயிருக்கிறது. அந்த வேறுபாட்டின் காரணம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முறை வைத்து மாறும் அவை

மாநிலங்களவை ஒருபோதும் முழுதாகக் கலைவதில்லை. உறுப்பினரின் காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். தமிழ்நாட்டுக்குரிய 18 இடங்களும் ஆறு ஆறாக மூன்று தவணையில் நிரம்புகின்றன. ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்து 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால், ஓர் இடத்துக்கு 34 ஓட்டு வேண்டும். சட்டமன்றத்தில் பெரும்பான்மை பிடித்த கட்சிக்குக்கூட ஆறும் கிடைப்பது அரிது. நான்கு அங்கே, இரண்டு இங்கே என்று பிரிந்துவிடும்.

பல்லடம் பகுதி விவசாயிக்கு இது புதிதாக இராது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விடுவதில்லை. இன்று வாய்க்காலில் ஓடும் தண்ணீர், எப்போதோ மலையில் பெய்த மழை. மாநிலங்களவையும் அப்படித்தான். இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் முந்தைய சட்டமன்றம் அனுப்பியவர்கள். 2019 டிசம்பரில் வாக்களித்த தமிழ்நாட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் 2014இல், அதாவது 2011ஆம் ஆண்டுச் சட்டமன்றத்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஆகவே மக்களவையில் ஓர் அலை அடித்தால் அது மாநிலங்களவைக்குப் போய்ச்சேர சில ஆண்டுகள் ஆகும். அதுவும் மாநிலத் தேர்தல்களில் அந்த அலை தொடர்ந்தால்தான். இரு அவையும் ஒரே கட்சியின் கைக்கு வர வேண்டுமானால் அந்தக் கட்சி டெல்லியிலும் வெல்ல வேண்டும், பெரும்பாலான மாநிலங்களிலும் வெல்ல வேண்டும், வெற்றியை நான்கைந்து ஆண்டுகள் தக்கவைக்கவும் வேண்டும்.

டெல்லிக் கணக்கு

1952 முதல் 1969 வரை காங்கிரஸுக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தது. 1969 நவம்பரில் கட்சி உடைந்தபோது இந்திரா காந்தி மக்களவையிலேயே சிறுபான்மையானார். 1971 தேர்தல் வெற்றிக்குப் பின் மெல்ல மெல்ல இரு அவைகளும் அவர் கைக்குத் திரும்பின. 1977இல் ஜனதா கட்சி மக்களவையைப் பிடித்தது. மாநிலங்களவை காங்கிரஸிடமே இருந்தது. 1980இல் இந்திரா திரும்பிய பிறகு 1989 வரை மறுபடியும் ஏறத்தாழ ஒரே கை. கூட்டிப் பார்த்தால், 1952 முதலான 37 ஆண்டுகளில் பெரும்பகுதி இரு அவைகளும் ஒரு கட்சியிடமே இருந்திருக்கின்றன.

1990க்குப் பிறகு கதை தலைகீழ். அன்று முதல் இன்றுவரை எந்த ஒரு கட்சிக்கும் மாநிலங்களவையில் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. 2014இல் 282 இடம், 2019இல் 303 இடம் என்று மக்களவையைத் தனியாகவே பிடித்த பா.ஜ.க.வும் 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் 100ஐத் தொட 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மைக்கு வேண்டிய 123ஐ எட்டவே இல்லை. தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் மாநிலக் கட்சிகள் வேரூன்றியதுதான் காரணம். அந்தச் சட்டமன்றங்கள் தங்கள் ஆட்களைத்தானே அனுப்பும்!

இதனால் என்ன வேறுபாடு வந்தது? 1978இல் நெருக்கடிநிலைக் காலத்துத் திருத்தங்களை ஜனதா அரசு மாற்றப் போனபோது, மாநிலங்களவையில் இருந்த காங்கிரஸ் சில பிரிவுகளை வெட்டிவிட்டுத்தான் சம்மதித்தது. ராஜீவ் காந்திக்கு மக்களவையில் 400க்கு மேல் பலம். ஆனாலும் அவர் கொண்டுவந்த ஊராட்சி, நகராட்சித் திருத்த மசோதாக்கள் 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றன. சாதாரணப் பெரும்பான்மை வேறு, அரசியலமைப்பைத் திருத்தும் பெரும்பான்மை வேறு என்பதை அன்று டெல்லி நினைவுபடுத்திக்கொண்டது.

1999இல் நடந்ததுதான் மாநிலங்களுக்கு முக்கியமான பாடம். வாஜ்பாய் அரசு பிகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்தது. 356ஆவது பிரிவின்படி அதற்கு இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும். மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லை என்று தெரிந்ததும் மார்ச் மாதத்தில் அரசே பிரகடனத்தைத் திரும்பப் பெற்றது. ராப்ரி தேவி மறுபடி முதல்வரானார். இரு அவைகளும் ஒரே கையில் இருந்த நாட்களில் இப்படி ஒரு பின்வாங்கலை யாரும் பார்த்ததில்லை.

கொங்குப் பகுதியின் தொழில்களைத் தொட்ட ஒன்றும் உண்டு. ஜி.எஸ்.டி. திருத்த மசோதாவில் உற்பத்தி மாநிலங்களுக்கு ஈடாக, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 1 சதவீதக் கூடுதல் வரி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மாநிலங்களவையில் காங்கிரஸின் ஓட்டு இல்லாமல் மசோதா தேறாது என்பதால், காங்கிரஸ் கேட்டபடி 2016இல் அந்த வரி கைவிடப்பட்டது. பல்லடத்து விசைத்தறித் துணியும் திருப்பூர்ப் பனியனும் வடக்கே போகும்போது அந்த வரி இல்லாமல் போனது இரண்டாம் அவையின் பேரத்தால்தான். ஆகஸ்ட் 3 அன்று வாக்கெடுப்பின்போது அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது, நுகரும் மாநிலத்துக்கே வரி என்ற ஏற்பாட்டில் தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலத்துக்கு இழப்பு என்பது அதன் வாதம்.

மாநிலங்களவை போடும் எல்லாத் தடையும் தாண்ட முடியாததல்ல. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முட்டிக்கொண்டால் 108ஆவது பிரிவின்படி கூட்டுக் கூட்டம் கூட்டலாம். 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையம், 2002இல் பொடா என்று மூன்றே முறைதான் மசோதாவுக்காக அப்படிக் கூடியிருக்கிறார்கள். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது.

எண்ணிக்கையை மாற்ற இன்னொரு வழியும் இருந்தது: மாநிலச் சட்டமன்றங்களையே கலைப்பது. 1977 ஏப்ரலில் ஜனதா அரசு காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைத்தது. 1980 பிப்ரவரியில் இந்திரா அரசும் ஒன்பது மாநிலங்களைக் கலைத்தது, அவற்றில் எம்.ஜி.ஆர். ஆண்ட தமிழ்நாடும் ஒன்று. மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று காரணம் சொன்னாலும், புதிய சட்டமன்றங்கள் மாநிலங்களவைக்குப் புதிய ஆட்களை அனுப்பும் என்ற கணக்கும் இரண்டு முறையும் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. மே மாதத் தேர்தலில் எம்.ஜி.ஆரே திரும்பி வந்தார்.

சென்னைக் கணக்கு

சென்னை மாகாணத்துக்கு இரண்டு அவைகள் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால் வந்தன. 1937 தேர்தலில் காங்கிரஸ் பேரவையின் 215 இடங்களில் 159ஐயும், மேலவையில் தேர்தல் நடந்த 46 இடங்களில் 27ஐயும் பிடித்தது. முதல் தேர்தலிலேயே இரு அவைகளும் ஒரே கட்சிக்கு. 1957, 1962 தேர்தல்களிலும் பேரவைப் பெரும்பான்மை காங்கிரஸுக்கு இருந்ததால் மேலவை பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1952 மட்டும் விதிவிலக்கு. 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. அப்போது மேலவை வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். பேரவையில் அவை முன்னவராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம். மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் ஆட்சிக்கு வரும் கொல்லைப்புறக் கதவு என்று மேலவைக்கு வந்த கெட்ட பெயருக்கு அந்த நியமனம் பெரிய காரணம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து முதல்வரான அண்ணாவும் 1967இல் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார் என்பதை அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை.

1967 தேர்தலில்தான் இரு அவைகளும் முதன்முறையாக வேறு வேறு காலத்தில் நின்றன. பேரவையில் தி.மு.க.வுக்கு 137 இடம். மேலவை உறுப்பினர்களோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்காகத்தான் மாறுவார்கள். காங்கிரஸ் காலத்தில், 1964இல், தலைவரான மாணிக்கவேலு நாயக்கர் 1970 வரை மேலவைத் தலைவராகத் தொடர்ந்தார். அதன் பிறகே தி.மு.க.வின் சி.பி. சிற்றரசு அந்த நாற்காலிக்கு வந்தார். ஆட்சி மாறி மூன்று ஆண்டு கழித்துத்தான் மேலவைத் தலைமை மாறியது.

மேலவை எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால் இந்தத் தாமதம் ஏன் என்று புரியும். அரசியலமைப்பின் 171ஆவது பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள், பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள், ஆறில் ஒரு பங்கு ஆளுநர் நியமனம். 63 பேர் கொண்ட தமிழ்நாட்டு மேலவையில் உள்ளாட்சிக்கு மட்டும் 21 இடம். கோட்டையை ஒரு கட்சி பிடித்திருக்க, நகராட்சிகளை இன்னொரு கட்சி பிடித்துவிட்டால், மேலவை நழுவத் தொடங்கும்.

1986இல் அதுதான் நடந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடக்காதிருந்த உள்ளாட்சித் தேர்தல் அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. பெரும்பாலான நகராட்சிகளை தி.மு.க. வென்றது. அப்போது கருணாநிதி மேலவை உறுப்பினர்; 1984 பேரவைத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. உள்ளாட்சித் தொகுதிகளுக்குத் தேர்தல் வைத்தால் மேலவையில் தி.மு.க.வின் வரிசை நீளும் என்பது எவருக்கும் தெரிந்த கணக்கு.

இந்த நேரத்தில் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமிக்கும் முயற்சி சிக்கலானது. கடன் தீர்க்க முடியாதவர் என்று நீதிமன்றம் அறிவித்த ஒருவர் உறுப்பினராக முடியாது என்ற விதி குறுக்கே நின்றது, நியமனம் கைவிடப்பட்டது. 1986 மே 14 அன்று மேலவையைக் கலைக்கக் கோரும் தீர்மானத்தைப் பேரவை நிறைவேற்றியது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. அந்த நியமனச் சிக்கலால் எம்.ஜி.ஆர். கோபப்பட்டு மேலவையை ஒழித்தார் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கோபம் தீப்பொறியாக இருந்திருக்கலாம். பிப்ரவரி முடிவுகள் இல்லாமல் இருந்திருந்தால் அது பற்றியிருக்குமா என்பது என் ஐயம்.

ஒழித்தவர்களின் வரிசை

தமிழ்நாட்டை மட்டும் பார்த்தால் இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். மற்ற மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி விட முடியாது. மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி பேரவையைப் பிடித்தது; 1969இல் மேலவை போயிற்று. ஆந்திரத்தில் 1983இல் என்.டி. ராமராவ் வென்றபோது மேலவை காங்கிரஸிடம் இருந்தது. 1985இல் அது ஒழிந்தது. 2007இல் காங்கிரஸ் முதல்வர் ராஜசேகர ரெட்டி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

2020இல் அதே ஆந்திரத்தில் ஜெகன்மோகன் ரெட்டிக்குப் பேரவையின் 175 இடங்களில் 151 இருந்தன. 58 பேர் கொண்ட மேலவையில் அவருடைய கட்சிக்கு 9 பேர்தான். மூன்று தலைநகர் மசோதாவை மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பிய சில நாட்களில், ஜனவரி 27 அன்று, மேலவையை ஒழிக்கப் பேரவை தீர்மானம் போட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதற்குள் மேலவையின் இடங்கள் ஒவ்வொன்றாக மாறி அவர் கட்சியின் கைக்கே வந்துவிட்டன. 2021 நவம்பரில் அதே பேரவை, மேலவை வேண்டும் என்று முந்தைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அவையின் தேவை பற்றிய தத்துவம் இருபத்திரண்டு மாதங்களில் மாறவில்லை; எண்ணிக்கைதான் மாறியது.

இலங்கையிலும் இதே தடம். 1947 முதல் 30 பேர் கொண்ட செனட் சபை இருந்தது. பாதிப் பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க செனட் வழியாகத்தான் அவைக்குள் வந்தார். 1971 அக்டோபர் 2 அன்று செனட்டை மூடியதும் அவருடைய அரசுதான்.

இதற்கு மாறான நிலை அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. அங்கே நெப்ராஸ்கா தவிர 49 மாநிலங்களிலும் இரண்டு அவைகள் உண்டு. இரண்டையும் அதே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இரண்டும் ஒரே கட்சியின் கையில் இருப்பதுதான் வழக்கம். 2019இல் மினசோட்டா ஒன்றில் மட்டுமே அவைகள் இரண்டு கட்சிகளிடம் பிரிந்திருந்தன. ஆஸ்திரேலியாவில் விகிதாச்சார முறையில் செனட் தேர்வாவதால் நிலைமை நேர் எதிர். 1981க்குப் பிறகு ஆளும் அணிக்கு அங்கே செனட் பெரும்பான்மை கிடைத்தது 2005 முதல் 2007 வரை மட்டும்தான். இரு அவைகளும் ஒரே கைக்கு வருவது கட்சியின் செல்வாக்கை மட்டும் பொறுத்ததல்ல. யார், எந்த ஆண்டில், எந்த முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

ஏன் ஒன்று பிழைத்தது, ஒன்று போயிற்று?

மாநிலங்களவை எத்தனையோ பிரதமர்களை எரிச்சல்படுத்தியிருக்கிறது. ஆனாலும் அதை ஒழிக்க முடியவில்லை. அரசியலமைப்பைத் திருத்த அதன் சொந்த ஓட்டே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாநில மேலவைக்கு அந்தக் கவசம் கிடையாது. 169ஆவது பிரிவின்படி பேரவை தன் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் சேர்த்துத் தீர்மானம் போட்டால் போதும். மற்றதை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமாக முடித்துவிடும். மேலவையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

அதற்கு உள்ள அதிகாரமும் சொற்பம். பேரவை அனுப்பும் மசோதாவை முதல் முறை மூன்று மாதம், இரண்டாம் முறை ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். பிறகு பேரவை நினைத்ததே சட்டம். மாநிலத்தில் கூட்டுக் கூட்டம்கூட இல்லை. 2024 பிப்ரவரியில் கர்நாடக மேலவையில் அறநிலையத் திருத்த மசோதாவை எதிர்க்கட்சிகள் தோற்கடித்தன. சில நாட்களில் பேரவை அதையே மறுபடி நிறைவேற்றியது.

ஆக, மாநில மேலவையின் ஆயுள் ஒரு விசித்திரமான கணக்கில் நிற்கிறது. இரு அவைகளும் ஒரே கட்சியிடம் இருக்கும்போது அது பேரவையின் எதிரொலி. யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் பிழைக்கிறது. வேறு கட்சியின் கைக்குப் போகும்போதுதான் அது கேள்வி கேட்க முடியும். அப்போதுதான் அதை ஒழிக்கிறார்கள். வேலை செய்யத் தொடங்கும் நாளே வேலை போகும் நாளாக ஓர் அமைப்பை வைத்திருக்கிறோம்.

1986க்குப் பின் தமிழ்நாட்டில் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். 1989, 1996, 2010 ஆண்டுகளில் தி.மு.க. அரசுகள் மேலவை வேண்டும் என்று தீர்மானம் போட்டன. 1991, 2001, 2011 ஆண்டுகளில் அ.தி.மு.க. அரசுகள் வேண்டாம் என்று ரத்துத் தீர்மானம் போட்டன. 2010இல் நாடாளுமன்றமே 78 இடங்களோடு சட்டம் இயற்றியும், தேர்தல் நடக்கும் முன் வழக்கும் ஆட்சி மாற்றமும் வந்துவிட்டன. ஆறு தீர்மானங்களிலும் மேலவையின் பயன் பற்றிப் பேச்சு இருந்தது. அதை ஆளுங்கட்சியின் கையிலிருந்து எப்படிக் காப்பது என்பது ஒரு தரப்புக்கும் முக்கியமாகப் படவில்லை.

2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவராகி மாநிலங்களவைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் திருப்பூரில் பிறந்தவர். 1998லும் 1999லும் பல்லடம் அடங்கிய கோவைத் தொகுதியின் எம்.பி. கொங்குநாட்டார் ஒருவர் தலைமை தாங்கும் அந்த அவை பிழைத்திருப்பதற்குக் காரணம், அதை ஒழிக்கும் சாவி அதன் கையிலேயே இருப்பது. மாநில மேலவைக்கு அந்த அளவு அதிகாரம் கொடுத்தால் எதிர்க்கட்சி நிரந்தரமாகக் கழுத்தை நெரிக்கலாம் என்ற அச்சம் நியாயமானது. நடுவழி ஒன்று உண்டு. மேலவையை அமைக்கவோ ஒழிக்கவோ ஒரு பேரவை தீர்மானித்தால், அடுத்த பொதுத் தேர்தலில் வரும் பேரவையும் அதை ஆமோதித்த பிறகே செல்லும் என்று 169ஆவது பிரிவைத் திருத்தலாம்.

இந்த விதியைப் பழைய நிகழ்வுகளில் பொருத்திப் பார்க்கலாம். 1983இல் ஒழிக்கச் சொல்லி, 1985இல் மறுபடி வென்று வந்த என்.டி. ராமராவின் முடிவு செல்லும். மக்கள் இரண்டு முறை அவரை அனுப்பினார்கள். 2010இல் தி.மு.க. கொண்டுவந்த மேலவை 2011 பேரவையில் விழுந்திருக்கும், உண்மையிலும் விழுந்தது. 2020இல் ஜெகன்மோகன் போட்ட தீர்மானம் அவர் காலத்திலேயே செத்தது. 1986இல் எம்.ஜி.ஆர். போட்ட தீர்மானம் மட்டும் வேறு முடிவுக்கு வந்திருக்கும்: 1989இல் அமைந்த தி.மு.க. பேரவை அதை ஆமோதித்திருக்காது, மேலவை இருந்திருக்கும். இரு அவைகளும் ஒரே கைக்கு வருவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அது வாக்காளரின் முடிவு. வராத ஆண்டுகளில் இரண்டாம் அவை உயிரோடு இருக்க வேண்டுமா என்பதை, அன்றைய முதல்வர் அல்லாமல் இரண்டு தேர்தல்கள் முடிவு செய்யட்டும்.